படைவீரனின் நெஞ்சுக்கு மருத்துவமனை, நம் அம்மாக்களின் நெஞ்சுக்கு?

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." நம் வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்காதவர் யாரும் இல்லை. களை எடுத்துவிட்டு வந்து திண்ணையில் சாயும்போது அம்மா சொல்வார். நடு இரவில் உடம்பெல்லாம் குப்பென்று சூடேறி, வியர்த்து விழித்து, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரையும் எழுப்பாமல் வாசலில் வந்து உட்காருவார். காலையில் கேட்டால், "ஒண்ணுமில்ல, தூக்கம் வரல" என்பார்.

சென்ற மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு தம்பி தன் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போன கதையைச் சொன்னார். அம்மாவுக்கு 48 வயது, துப்புரவுப் பணி. ஒரு வருடமாக மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. நெஞ்சு திடீரென்று ஓடுகிறது, பிறகு தானாக நிற்கிறது. தம்பியைவிட நான்கைந்து வயது மூத்த மருத்துவர் நிமிர்ந்தும் பார்க்காமல், "உனக்கு ஒண்ணும் இல்ல, டென்ஷன் ஆகாத" என்று சொல்லி ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நாடி பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. தம்பிக்கு மாத்திரையைவிட அந்த 'உனக்கு' தான் அதிகம் சுட்டது.

அன்று வட்டத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். எல்லோர் வீட்டிலும் இதே கதை. இந்தப் படபடப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் தேடத் தொடங்கினோம். இருக்கிறது. யார் சொன்னால் வலி, யார் சொன்னால் புலம்பல் என்று மருத்துவம் முடிவு செய்த கதைதான் அது.

முதலில் உடம்பைப் புரிந்துகொள்வோம்

மாதவிடாய் நிற்கும் காலத்தில் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏற்ற இறக்கத்தோடு குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துகின்றன. ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டுமான சரக்கு அல்ல. இதயத்துக்கும் இரத்தக்குழாய்களுக்கும் மூளையில் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கும் அது வேண்டும். அது ஏறி இறங்கும்போது இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகளின் சமநிலையும் ஆடுகிறது. அதனால்தான் சூடு, வியர்வை, படபடப்பு மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மாதவிடாய் நிற்கும் தறுவாயில் உள்ள பெண்களில் 42 விழுக்காடு வரையிலும், நின்ற பிறகு 54 விழுக்காடு வரையிலும் படபடப்பைச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் இது ஆபத்தில்லாதது. ஆனால் இரத்தசோகையிலும் படபடப்பு வரும். தைராய்டு கோளாறிலும், வாத இதய நோயிலும், இதயத் துடிப்பின் தாளம் தவறும் நோயிலும் வரும். பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பது வைத்தியம். பார்க்காமலே "ஒன்றுமில்லை" என்பது அலட்சியம். நாம் சொல்லப்போகும் வரலாறு இந்த அலட்சியத்தின் வரலாறு.

ஒரே துடிப்பு, இரண்டு பெயர்கள்

மாதவிடாய் நிற்றலுக்கு 'மெனோபாஸ்' என்ற பெயரைத் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் ஷார்ல் த கார்தான். ஆண்டு 1821. 1857ல் லண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட் இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். பெண்கள் சொன்ன உபாதைகளைப் பொறுமையாகப் பட்டியலிட்டவர் அவர். ஆனால் அந்தக் காலத்து மருத்துவத்துக்கு இவையெல்லாம் பெண்ணின் நரம்புக் கோளாறு. மயக்க மருந்தும், அட்டை விட்டு இரத்தம் எடுப்பதும் வைத்தியம்.

இதே காலத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. பிலடெல்பியாவில் டர்னர்ஸ் லேன் என்ற இராணுவ மருத்துவமனை. அங்கே ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், படபடப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, களைப்பு என்று வந்த ஏறத்தாழ 300 படைவீரர்களைக் கவனித்தார். இதயத்தில் வெளிப்படையான சேதம் ஒன்றும் தெரியவில்லை. அதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்று அவர் சொல்லவில்லை. 1871ல் விரிவான கட்டுரை எழுதினார். அந்த நிலைக்குப் 'படைவீரன் இதயம்' என்ற பெயர் நிலைத்தது. முதல் உலகப்போரில் பிரிட்டன் இதற்கென்றே ஹாம்ஸ்டெட்டில் ஒரு இராணுவ இதய மருத்துவமனையை நடத்தியது. தாமஸ் லூயிஸ் என்ற புகழ்பெற்ற இதய மருத்துவர் 1918ல் இதைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார்.

அதே டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் வேலை பார்த்த இன்னொருவர் சைலஸ் வெயர் மிட்செல். போருக்குப் பிறகு பெண்களின் நரம்பு வைத்தியராகப் பேர் வாங்கினார். அவருடைய வைத்தியத்துக்கு 'ஓய்வு சிகிச்சை' என்று பெயர். பெண்ணை வாரக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடுவார்கள். எழுதக்கூடாது, படிக்கக்கூடாது. எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1887ல் இந்தச் சிகிச்சையில் சிக்கி, அந்த அனுபவத்தை வைத்து 1892ல் ஒரு புகழ்பெற்ற சிறுகதை எழுதினார்.

படைவீரனின் நெஞ்சு துடித்தால் இதயம். வசதியுள்ள வெள்ளைப் பெண்ணின் நெஞ்சு துடித்தால் நரம்பு. அடிமைப் பெண்ணின் நெஞ்சு? அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு மனநோய் என்று 1851ல் பெயர் சூட்டினார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர். சவுக்கடிக்குப் பயந்து துடிக்கும் நெஞ்சை அந்த மருத்துவம் இதயமாகவும் பார்க்கவில்லை, நரம்பாகவும் பார்க்கவில்லை. பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் நோயை முடிவு செய்கிறார்கள். நமக்கு இது புதிய பாடமா?

கேள்வித்தாளில் ஒளிந்திருந்த தீர்ப்பு

1953ல் அமெரிக்காவில் கப்பர்மன் குழுவினர் மாதவிடாய் நிற்றலின் தொல்லைகளை அளக்க ஒரு பட்டியல் போட்டார்கள். 11 உபாதைகள். உடற்சூட்டுக்கு 4 மடங்கு மதிப்பு, படபடப்புக்கு 1 மடங்குதான். பிறகு பிரிட்டனில் கிரீன் என்ற உளவியலாளரின் அளவுகோல் வந்தது. இன்றுவரை உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படுகிறது. 21 கேள்விகளில் முதல் கேள்வியே இதயம் வேகமாகவோ பலமாகவோ துடிக்கிறதா என்பதுதான். ஆனால் அந்தக் கேள்வி எந்தத் தலைப்பின்கீழ் எண்ணப்படுகிறது? உடல் உபாதை என்ற தலைப்பில் இல்லை. மனப்பதற்றம் என்ற தலைப்பில். ஒரு பெண் "ஆம், துடிக்கிறது" என்று குறித்த நிமிடமே அவர் பதற்றக்காரர் ஆகிவிடுகிறார்.

கருவியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஈசிஜி என்பது சில நொடி நேரத் துடிப்பைத்தான் பதிவு செய்யும். வந்து வந்து போகும் படபடப்பு அந்த நொடியில் வராவிட்டால் தாளில் எல்லாம் சரியாகவே தெரியும். இதற்காகத்தான் நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் நாள் முழுக்க உடம்பில் கட்டிக்கொண்டு நடமாடும் கருவியை உருவாக்கினார். 1940களில் அவர் முதுகில் சுமந்த முதல் கருவியின் எடை 38 கிலோ. 1961ல் அது சுருங்கிப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆக, ஒரு ஈசிஜி 'நார்மல்' என்று வந்ததை வைத்து, சொன்னவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட அறிவியலில் இடமில்லை. 60 வருடமாக இல்லை.

இதற்கிடையில் மாத்திரைக் கம்பெனிகள் வந்தன. கருவுற்ற பெண்குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை 1942ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெண்மையை என்றும் காப்பாற்றும் மருந்து என்று 1966ல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் புத்தகமே எழுதினார். மருந்துக் கம்பெனிப் பணம் அவருக்குப் போனது பின்னாளில் தெரியவந்தது. 1975ல் இந்த மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் கூடுகிறது என்று தெரிந்தது. இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை மட்டும் தொடர்ந்தது. 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுத்த பிரிவு 2002ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தன. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. வயது குறைந்தவர்களுக்கு, மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள் தொடங்கினால் ஆபத்து குறைவு என்பது பிறகு புரிந்தது. இன்றும் தேவைப்படுவோருக்கு மருத்துவர் பார்த்துத் தரும் மருந்து அது. நாம் கவனிக்க வேண்டியது, இதயத்தைப் பற்றிய அந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று பார்த்த புகழ்பெற்ற ஆய்வில் 22,071 பேர். அத்தனை பேரும் ஆண்கள்.

எண்ணச் சொல்லிப் போராடியபோது

1993ல் அமெரிக்காவில், அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. பெண்கள் இயக்கங்கள் கொடுத்த அழுத்தத்தின் விளைவு அது. மாதவிடாய் நிற்றலைப் பற்றி 1990களின் நடுவில் தொடங்கிய ஒரு நாடு தழுவிய ஆய்வில் 3,302 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், சீன வழியினர், ஜப்பானிய வழியினர் என்று ஐந்து பிரிவினரும் இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கேட்டார்கள். 2015ல் வந்த முடிவு இது: உடற்சூடும் இரவு வியர்வையும் வெள்ளைப் பெண்களுக்கு நீடித்த இடைநிலைக் காலம் 6.5 ஆண்டுகள். கறுப்பினப் பெண்களுக்கு 10.1 ஆண்டுகள்.

ஒரே உடற்கூறு, ஒரே ஹார்மோன். மூன்றரை ஆண்டு எங்கிருந்து வந்தது? ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற பொதுநல ஆய்வாளர் 1992லேயே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். நிறவெறியும் வறுமையும் தரும் ஓயாத அழுத்தம் கறுப்பினப் பெண்களின் உடலை வயதுக்கு முன்பே தேயவைக்கிறது என்றார். இது இயற்கையின் தேய்மானம் அல்ல, சமூகம் தேய்க்கும் தேய்மானம்.

1972ல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அமைப்பைத் தொடங்கியவர்கள் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பெயரை வெறும் கவர்ச்சிக்காக எடுக்கவில்லை. அங்கே உள்ள வதை இங்கே உள்ளதற்கு உறவு என்று கண்டுதான் எடுத்தார்கள். அந்த உறவை இந்த விஷயத்திலும் பார்க்க முடியும்.

கத்தியால் வரவழைத்த மெனோபாஸ்

1872ல் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பாட்டி என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் சினைப்பைகளை எடுத்தார். நரம்புத் தொல்லைகளைத் தீர்க்க மாதவிடாய் நிற்றலைச் செயற்கையாக வரவழைப்பதே அவர் நோக்கம். அவர் பெயரிலேயே அந்த அறுவை பிரபலமானது. சினைப்பைகள் இரண்டும் போனால் ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கவேண்டியது ஒரே நாளில் நடந்துவிடும். சூடும் படபடப்பும் கடுமையாக வரும். கருப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டாலும்கூட, அவை முன்கூட்டியே ஓய்ந்துபோகும் வாய்ப்பு அதிகம். சீக்கிரமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் ஆபத்து கூடுதல் என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை.

மிசிசிப்பியில் பருத்தி பறித்த குத்தகைக் கூலி பேனி லூ ஹேமர். 1961ல் கருப்பைக் கட்டியை எடுக்க மருத்துவமனைக்குப் போனார். அவரிடம் கேட்காமலே கருப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பண்ணை வீட்டில் பரவிய பேச்சு வழியாகத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. கறுப்பினப் பெண்களுக்கு வழக்கமாக நடந்த இந்தக் கொடுமைக்கு 'மிசிசிப்பி குடல்வால் அறுவை' என்று அவர் பெயர் வைத்தார். இந்த முறை பெயர் வைத்தவர் பாதிக்கப்பட்டவர். 1964ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வாக்குரிமைக்காக நாடே கேட்கும்படி சாட்சியம் சொன்னவரும் அவர்தான். 1977ல் 59 வயதில் இறந்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகும் தொழிலாளர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் நாடோடிச் சமூகத்தவரும் ஏராளம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரே ஆளாக முன்பணம் வாங்குவார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் வலிக்கும் விடுப்பு இல்லை, வயலில் கழிப்பறையும் இல்லை. வெள்ளைப்படுதல் என்று போனவர்களிடம், புற்றுநோய் வரும் என்று பயம் காட்டிக் கருப்பையை எடுத்தார்கள் தனியார் மருத்துவமனைகள். 2019ல் மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேர் கருப்பை இழந்திருந்தார்கள். ஆறில் ஒருவர். 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுவதுக்குமான அளவு, 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 3.2 விழுக்காடு.

பீட் தனிக்கதை அல்ல. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையின்றிக் கருப்பை எடுத்தது பற்றி ஒரு மருத்துவர் 2013ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுப் பணத்தைக் கறக்க நடந்த அறுவைகளும் அதில் அடக்கம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகப் பெண்கள். 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு வந்தது. ஒன்றிய அரசின் 2022 வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

அறுவை நின்றால்கூட, ஏற்கெனவே இழந்தவர்களின் நெஞ்சு துடித்துக்கொண்டுதான் இருக்கும். 34 வயதில் "கர்ப்பப்பையை எடுத்தாச்சு" என்று சொல்லும் ஒரு அக்கா, 38 வயதில் படபடப்பு என்றால், "இந்த வயசுல என்ன மெனோபாஸ்" என்று திருப்பி அனுப்புவார்கள். அவர் உடம்பில் நடந்ததை அவரிடம் யாரும் விளக்கவில்லை. விளக்காமல் விட்டதும் அந்த அறுவையின் ஒரு பகுதிதான்.

தீட்டு நின்ற பிறகு யாருக்கும் வேண்டாதவர்

நம் மொழியில் மாதவிடாய்க்குத் 'தீட்டு' என்றும் பெயர் உண்டு. நம் மக்களைத் தொட்டால் வருவதாகச் சொன்னதற்கும் அதே பெயர். பெண்ணையும் நம்மையும் ஒரே சொல்லால் தள்ளிவைத்த சமூகம் இது. தீட்டு நின்றுவிட்டால் பெண் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுகிறார். ஆனால் அதே நாளில் அரசின் கணக்கிலிருந்தும் விடுபட்டுப்போகிறார். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் பெண்களுக்கான முதன்மைக் கேள்வித்தாள் 15 முதல் 49 வயது வரைதான். 2019-21 கணக்கெடுப்பில் அந்த வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்த இரத்தசோகையோடுதான் அவர்கள் 50ஐக் கடக்கிறார்கள். குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்க உயிர்க்காற்றைக் கொண்டுசேர்க்க இதயம் வேகமாக ஓடத்தான் செய்யும். அதற்கும் பெயர் டென்ஷனா?

தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது உயர்சாதிப் பெண்கள் இறக்கும் சராசரி வயதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று 2018ல் ஐக்கிய நாடுகள் சபையின் பெண்கள் அமைப்பு தன் அறிக்கையில் எழுதியது. மெனோபாஸ் வசதியானவர்களின் பிரச்சினை என்று நம்மில் சிலரே பேசுகிறார்கள். அவர்கள் இந்த எண்ணை ஒரு முறை படிக்கட்டும்.

1928ல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். உழைக்கும் பெண்ணின் ஓய்வு நாட்டின் நலன், அதன் சுமையை அரசும் முதலாளியும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். பிள்ளை பெறும் உடம்புக்காக அவர் தொடங்கி வைத்ததை, பிள்ளை பெற்று ஓய்ந்த உடம்புக்கும் கேட்க வேண்டியது நம் வேலை.

நாம் என்ன செய்யலாம்

இன்று இரவு உங்கள் அம்மாவிடம், அத்தையிடம், அக்காவிடம் கேளுங்கள். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம், சூடும் வியர்வையும் சேர்ந்து வருகிறதா, கருப்பை எடுத்திருக்கிறார்களா, எந்த வயதில், சினைப்பைகளையும் எடுத்தார்களா. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரிடம் இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஈசிஜி சரியாக இருந்தும் படபடப்பு தொடர்ந்தால் 24 மணி நேர ஹோல்டர் பரிசோதனையைக் கேளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வருபவர்களிடமும் இதைச் சொல்லச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் அம்மாவை நாங்கள் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் 7.8. அங்கே இருந்த மருத்துவர் அவரை உட்காரச் சொல்லி, "எத்தனை நாளா இப்படி இருக்கும்மா? சொல்லுங்க" என்று கேட்டார். அம்மா பதினைந்து நிமிடம் பேசினார். இப்போது இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்கிறார். படபடப்பு முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் படிப்பு வட்டத்துக்கு அவரே வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் அம்மாக்களையும் அழைத்து வாருங்கள்.

ஜெய் பீம்.